விக்கிறதுக்கு இல்லாத சோப்பு

உட்காருங்க தம்பி. அந்தச் சேர்ல வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இந்த மூட்டை மேலயே உட்காருங்க, உள்ள இருக்கிறது வெறும் பழைய அட்டைதான். குடோன் இப்படி வெறிச்சோடிக் கெடக்குதேன்னு பாக்காதீங்க. போன தீபாவளிக்கு வந்திருந்தீங்கன்னா இங்க ஒரு ஆள் பக்கவாட்டுலதான் நடந்து போக முடியும். அந்தச் செவுரு ஓரம் பூராம் சோப்பு, இங்கிட்டு பிஸ்கட்டு, மேல பலகையில டீத்தூள். உத்தமபாளையத்துல இறங்கி பரமகுரு ஏஜென்சீஸ்னு கேட்டா கண்ணு தெரியாதவன்கூட வழி சொல்லுவான். நீங்களும் கேட்டுத்தானே வந்தீங்க.

கம்பெனி இந்த ஏஜென்சியை உங்களை எடுத்துக்கச் சொல்லுதாக்கும். நல்லது. எடுக்கலாமா வேணாமான்னு எங்கிட்டயே வந்து கேக்குறீங்க பாருங்க, அது உங்க பெரிய மனசு. வேற ஒருத்தரா இருந்தா என் வாசலைத் தாண்டிப் போய் பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருப்பாங்க. பஜார்ல என்னைப் பத்தி என்ன சொன்னாங்க? சரி, வேணாம், சொல்லாதீங்க. உங்க மூஞ்சியிலேயே தெரியுது. நானே சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, எம்மேல என்ன தப்புன்னு.

தேனியில உங்க மாமனாருக்குக் கடை இருக்குன்னீங்கல்ல? கடை வேற, ஏஜென்சி வேற தம்பி. கடைக்கு ஜனம் தேடி வரும். ஏஜென்சியில சரக்கை நாம வெளிய தள்ளணும். எனக்குத் தள்ளத் தெரியும். என் எதிரியும் அதை இல்லைன்னு சொல்ல மாட்டான். ஓடுற சரக்குக்கு ஆளே தேவையில்லை, கடைக்காரனே போன் போட்டுக் கேப்பான். ஓடாத சரக்கை என்ன செய்யணும்? ஓடுறதோட சேத்துக் கட்டணும். பிஸ்கட்டு வேணுமா, இந்தா இந்த பிரஷ்ஷையும் எடுத்துக்க. முனகுவான், எடுத்துக்குவான். எங்க அப்பா காலத்துல இருந்து நாங்க இப்படித்தான். அப்புறம் கம்பெனி ஆபீசர் எது கேட்டாலும் "ஆகும்"னு சொல்லிறணும். ஆகாதுன்னு சொன்னவன் ஒருத்தனும் இந்த லைன்ல தங்குனதில்லை. இதெல்லாம் எழுதி வச்சுக்கங்க, காசு கொடுத்தாலும் ஒருத்தன் சொல்லித்தர மாட்டான்.

கார்த்திகை மாசம், நல்ல அடைமழை. கம்பெனி புதுசா ஒரு சோப்பு இறக்குச்சு. பச்சைப்பிள்ளைகளுக்குத் தேய்க்கிறது. வெள்ளை அட்டை, மேல ஒரு வாத்துக்குஞ்சு. ஜெபராஜ்னு ஒரு சேல்ஸ் ஆபீசர், கம்பெனிப் பையன், உங்க வயசுதான் இருக்கும். அவன் வந்து என் காலைப் பிடிக்காத குறை. அண்ணே, இந்த மாசம் ஒரு முழு லோடு எடுத்துக்கங்க, இல்லைன்னா என்னையத் தூக்கி ராமநாதபுரத்துல போட்டுருவாங்கன்னு ஒரே புலம்பல். நான் சோப்பைக் கையில வாங்கினேன், மோந்து பாத்தேன். அவ்வளவுதான், தெரிஞ்சு போச்சு. இது ஓடாது. நம்ம பக்கம் பிள்ளைக்குப் பயத்தமாவு தேய்ப்பாங்க, வசதி உள்ளவங்க ஏற்கெனவே ஒரு சோப்புக்குப் பழகிட்டாங்க. ஒரு கடைக்குக்கூட நான் அதை அனுப்பிப் பாக்கலை. ஓடாதுன்னு தெரிஞ்ச பெறகு எதுக்கு அனுப்பணும்?

ஆனா ஆகும்னு சொல்லிட்டேன். லாரி இந்த வாசலுக்கு வந்துச்சு. ஒரு பெட்டிகூட இறக்கலை, அப்படியே மதுரைக்குத் திருப்பிவிட்டேன். அங்க ஒரு ஹோல்சேல்காரர் இருக்கார், விலையைக் கொஞ்சம் குறைச்சுக் கொடுத்தா எதையும் எடுத்துக்குவார், எங்கிட்டாவது தள்ளிவிட்டுருவார். கம்பெனி கொடுக்கிற ஸ்கீமு தள்ளுபடி அது இதுன்னு கழிச்சா நமக்குக் கையைக் கடிக்காது. எல்லாரும் பண்றதுதான். நீங்க முகத்தைச் சுளிக்காதீங்க, நீங்களும் பண்ணுவீங்க. போன்ல இருக்கிற கம்பெனி ஆப்புல மட்டும், பாளையத்துல இருக்கிற கடை பூராவுக்கும் சோப்பு போட்ட மாதிரி பில் ஏத்தியாச்சு. ஜெபராஜுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துக்கிட்டான்.

ஒரே ஒரு பெட்டி மட்டும் மதுரையில இருந்து திரும்பி வந்துச்சு. தார்ப்பாய் ஓட்டையில தண்ணி சொட்டி அட்டை நனைஞ்சிருந்துச்சு, ஹோல்சேல்காரர் வேணாம்னுட்டார். நான் அதை அந்த மூலையில தூக்கிப் போட்டுட்டு மறந்தே போனேன்.

மார்கழி பிறந்திருக்கும். ஜெபராஜ் போன் பண்ணி அழுகுற மாதிரி பேசுறான். ரீஜனல் மேனேஜரா புதுசா ஒரு அம்மா வந்திருக்காங்க, வசுமதி மேடம்னு பேரு, மறுநாள் காலையில பாளையத்துக்கு மார்க்கெட் பாக்க வர்றாங்களாம். எதுக்குன்னு கேட்டேன். அந்தச் சோப்பைப் பாக்கத்தான். தமிழ்நாட்டுலயே உத்தமபாளையத்துலதான் அந்தச் சோப்பு ஆக அதிகமா விக்குதுன்னு அவங்க கம்ப்யூட்டர் காட்டுதாம். எப்படி விக்கிறாங்கன்னு கண்ணால பாத்துட்டுப் போய் மத்த ஊர்க்காரங்களுக்குச் சொல்லித்தரணுமாம். பாத்தீங்களா தம்பி, வினை எப்படியெல்லாம் வருதுன்னு. நல்லா வித்தேன்னு காட்டுனது ஒரு குத்தமா?

ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு, பயந்துட்டேன். கடைக்குள்ள சோப்பு இல்லைன்னா எல்லாம் பொய் பில்லுன்னு தெரிஞ்சிரும், ஏஜென்சியைப் பிடுங்கிருவாங்க. எங்க அப்பா பேர்ல இருந்து என் பேருக்கு வந்த ஏஜென்சி. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுல என் பேரு பாதிப் பேருக்குத் தெரியாது, ஏஜென்சிக்காரர்னுதான் சொல்லுவாங்க. அது போச்சுன்னா நான் அங்க போய் என்னன்னு உட்காருவேன்? மதுரைக்குப் போன் போட்டேன். சரக்கு கேரளாவுக்குப் போயிருச்சாம். அப்பத்தான் அந்த நனைஞ்ச பெட்டி ஞாபகம் வந்துச்சு.

தவசியைக் கூப்பிட்டேன். என் சேல்ஸ்மேன். அவனுக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முந்தியே எங்கிட்ட வந்துட்டான். இந்த ஊர்ல அவன் ஏறாத கடைப்படி கிடையாது. அதிகம் பேச மாட்டான், சொன்னதைச் செய்வான். அவன் மகளுக்குக் காது குத்துனப்ப நான்தான் முன்னாடி நின்னேன், கேட்டுப் பாருங்க. பெட்டியைப் பிரிச்சு, நனையாத சோப்பா பொறுக்கி, ஓரம் கறை பட்டதைத் துடைச்சு, எப்படி எப்படிச் செய்யணும்னு சொல்லிக்கொடுத்தேன். சரக்கை நடக்கவிடுறதுன்னு நாங்க சொல்லுவோம். ஆபீசர் வர்ற அன்னைக்கு இருக்கிற கொஞ்ச சரக்கை அவருக்கு முன்னாடி கடை கடையா ஓட்டுறது. பாதிப் பெட்டி முதல் கடையில, பாதி ரெண்டாவது கடையில. ஆபீசர் ரெண்டாவது கடையில நிக்கும்போது முதல் கடைச் சோப்பைப் பின்வாசல் வழியா எடுத்து மூணாவது கடை அலமாரியில அடுக்கிறணும். அவர் மூணாவது கடைக்கு வந்தா ரெண்டாவது கடைச் சோப்பு நாலாவதுக்குப் போயிரும். கடைக்காரங்க எல்லாம் நம்ம ஆளுங்க, சொன்னாக் கேப்பாங்க. ஆனா ஒரு சோப்பையும் வித்துறக் கூடாது. ஒண்ணு குறைஞ்சாலும் வரிசையில ஓட்டை தெரியும். இதைத் தவசிகிட்ட அடிச்சுச் சொன்னேன், அவன் கடைக்காரங்ககிட்ட அடிச்சுச் சொல்லிட்டான்.

தவசி எல்லாத்தையும் கேட்டுட்டு, முதலாளி, மேடம்கிட்ட உள்ளதைச் சொல்லிட்டா என்னன்னு மெதுவா கேட்டான். நான் சிரிச்சுட்டேன். அவனுக்கு என்ன தெரியும் நிர்வாகத்தைப் பத்தி?

காலையில அந்தம்மா வந்தாங்க. பருத்திச் சேலை, கையில ஒரு கைப்பை, வேற ஒண்ணும் இல்ல. வணக்கம் சொன்னேன், மாலை வாங்கி வச்சிருந்தேன், வேணாம்னுட்டாங்க. ஜூஸ் வேணாம். காபி வேணாம். எனக்கு அங்கேயே பிடிக்கலை. சாப்பிடாத ஆபீசரை நம்ப முடியாது தம்பி. கார் ரெடியா நிக்குது, சுத்திச் சுத்திக் கூட்டிட்டுப் போய் நேரத்தை இழுக்கலாம்னு நான் கணக்குப் போட்டு வச்சிருக்கேன். பஜார் ஒரே தெருதானே, நடந்தே போயிரலாம்னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்கு இறங்கி நடக்குறாங்க. ஜெபராஜ் என்னைப் பாக்குறான், நான் ஜெபராஜைப் பாக்குறேன்.

முதல்ல அபிராமி ஸ்டோர். உள்ள நுழைஞ்சு பாத்தா, அலமாரியில வாத்துக்குஞ்சு வரிசையா நிக்குது. அழகா அடுக்கியிருந்தான் தவசி. அந்தம்மா ஒரு சோப்பை எடுத்தாங்க. ஓரத்துல லேசா கறை இருந்தது அது. திருப்பிப் பாத்துட்டு வச்சிட்டாங்க. எப்படிப் போகுதுன்னு கடைக்காரர்கிட்ட கேட்டாங்க. அவரும் நல்லாப் போகுது மேடம்னு நாங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னார்.

ரெண்டாவது கடை கோகிலா ஸ்டோர். அதோட படி ஏறும்போது என் போன் அதிருது. தவசி. ஓரமா ஒதுங்கி எடுத்தேன். நாங்க வர்றதுக்கு முந்தியே அபிராமி ஸ்டோருக்கு இடுப்புல பிள்ளையோட ஒரு பொம்பளை வந்து இந்தச் சோப்பைக் கேட்டுச்சாம். இது விக்கிறதுக்கு இல்லம்மான்னு அனுப்பியிருக்காங்க. நேரா கோகிலா ஸ்டோருக்குப் போய் அங்கயும் கேட்டிருக்கு. அங்கயும் அதே பதில். அப்புறம் திரும்பி அபிராமிக்கே வந்து கெஞ்சலாம்னு வந்தா, தவசி அங்க சோப்பைப் பையில அள்ளிக்கிட்டு இருக்கான். அதைப் பாத்துருச்சு. அவன் வண்டிக்குப் பின்னாடியே நடந்து வருதாம்.

"பாவமா இருக்கு முதலாளி. பிள்ளைக்கு உடம்பெல்லாம் கரப்பான் புண்ணு. ஒண்ணே ஒண்ணு கொடுத்து அனுப்பிரவா?"

இதான் தம்பி அந்த இடம். இந்த இடத்துல நீங்க இருந்தா என்ன சொல்லுவீங்க? ஒரு நிர்வாகின்னா மனசு இளகக் கூடாது. ஒண்ணு கொடுத்தா அது போய் இன்னொருத்தியைக் கூட்டிட்டு வரும். அதோட வரிசையில ஓட்டை விழும், அந்தம்மா கண்ணு ஊசி மாதிரி இருக்கு. கொடுக்காதே, விரட்டி விடுன்னேன். அவன் சரிங்க முதலாளின்னு போனை வச்சிட்டான். இன்னைக்கும் சொல்றேன், அன்னைக்கு இருந்த நெலமைக்கு அதுதான் சரியான முடிவு.

கோகிலா ஸ்டோர்ல அந்தம்மா சீக்கிரம் முடிச்சுட்டாங்க. மூணாவது கடை சிக்கந்தர் பாய் கடை, கூப்பிடு தூரம். தவசி அடுக்கி முடிச்சிருப்பானான்னு தெரியலை. இளநி குடிக்கலாம் மேடம்னேன். வேணாம். இந்தப் பக்கம் ஒரு பழைய கோயில் இருக்கு மேடம்னேன். பெறகு பாக்கலாம்னாங்க. கடைசியில என்ன பண்ணினேன் தெரியுமா? குனிஞ்சு என் செருப்பு வாரை நானே இழுத்து அறுத்தேன். புதுச் செருப்பு. அத்துப் போச்சு மேடம், ஒரு நிமிஷம்னு ரோட்டோரம் தைக்கிறவர்கிட்ட உட்கார்ந்துட்டேன். அந்தம்மா வெயில்ல நின்னு என்னைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு சிரிப்பு இல்ல, ஒரு கோபம் இல்ல. தைக்கிறவர் வேற நூலைத் தேடுறார், நான் மெதுவாத் தைங்கன்னு கண்ணைக் காட்டுறேன், அவர் புரியாம அவசர அவசரமாத் தைக்கிறார். என் சட்டை முதுகோட ஒட்டிப் போச்சு.

பாய் கடைக்குள்ள போனோம். சோப்பு இருந்துச்சு. அடுக்கிட்டான். நான் மூச்சு விட்டேன். அந்தம்மா அலமாரிகிட்டப் போய் ஒரு சோப்பை எடுத்துத் திருப்பிப் பாத்தாங்க. ஓரத்துல கறை. அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் பேச்சைக் கொடுக்கலாம்னு வாயைத் திறக்குறேன், வாசல்ல நிழல் விழுது. அந்தப் பொம்பளைதான். நடந்து வந்த களைப்புல மூச்சு வாங்குது, இடுப்புல பிள்ளை தூங்குது.

பாய், அந்த வாத்துச் சோப்பு ஒண்ணு கொடுங்கன்னு கேட்டுச்சு. பாய் என்னைப் பாத்தார். நான் எங்கிட்டோ பாத்தேன். என்ன செய்ய முடியும் அந்த நேரத்துல?

"அது விக்கிறதுக்கு இல்லம்மா" அப்படின்னார் பாய்.

வசுமதி மேடம் மெதுவாத் திரும்பி, ஏன் விக்க மாட்டீங்கன்னு கேட்டாங்க. மிரட்டிக் கேக்கலை, சாதாரணமாத்தான் கேட்டாங்க. பாய் நல்ல மனுசன். அஞ்சு வேளை தொழுகிற ஆளு. பொய் சொல்லத் தெரியாத ஆள்கிட்ட பொய்யைக் கொடுத்தது தவசியோட முட்டாள்தனம், வேற கடையைப் பாத்திருக்கணும்.

"எண்ணி வச்ச சரக்கு மேடம். ஒண்ணு குறைஞ்சா அடுத்த கடைக்குப் பத்தாதுன்னு தவசி சொல்லிட்டுப் போயிருக்கான்."

அந்தக் கடையில அரிசி அளக்குறவன்கூடக் கையை நிறுத்திட்டான். ஜெபராஜ் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அதோட விட்டிருந்தாக்கூட நான் எதையாவது பேசிச் சமாளிச்சிருப்பேன். அந்தப் பொம்பளை விடலை. அதுக்கு யாரு மேனேஜர், யாரு முதலாளின்னெல்லாம் தெரியலை. நல்ல சேலை கட்டுன ஒரு அம்மா நிக்குதுன்னு அவங்ககிட்டயே நியாயம் கேக்க ஆரம்பிச்சிருச்சு.

"நீங்களே சொல்லுங்கம்மா. சந்தையில ஒரு வேன் வந்து இதே சோப்பைச் சின்னதாச் சும்மா கொடுத்துச்சு. அதைப் போட்டதுல இருந்து பிள்ளை ராத்திரி சொறியாம தூங்குது. தீந்து போச்சு. தெனமும் திராட்சைத் தோட்டத்து வேலை முடிஞ்சு ஒவ்வொரு கடையாக் கேக்குறேன், எங்கயும் இல்ல. இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. எல்லாக் கடையிலயும் இருக்கு, ஒரு கடையிலயும் தர மாட்டேங்குறாங்க. காசு வச்சிருக்கேம்மா, கடன் கேக்கலை."

தோட்டத்துல இன்னும் ரொம்பப் பேரு அந்தச் சோப்பைத் தேடுறாங்கன்னு வேற சொல்லுச்சு. இதைத்தான் நான் நம்பலை தம்பி. நம்பவே இல்லை. ஓடாத சோப்பை ஒரு பொம்பளை ஊரெல்லாம் தேடுமா? சின்னமனூர்ல ஒருத்தன் ரொம்ப நாளா என் ஏஜென்சி மேல கண்ணு வச்சிருக்கான், அவன் அனுப்புன ஆளாத்தான் இருக்கணும். பெறகு விசாரிச்சேன், தோட்டத்துல வேலை பாக்குற பொம்பளைதான்னாங்க, பிள்ளைக்குக் கரப்பானும் இருக்குன்னாங்க. இருக்கட்டும். இருந்தாலும் சரியா அன்னைக்கு, சரியா அந்த நேரத்துக்கு எப்படி வரும்? எனக்குச் சந்தேகம் போகலை.

அந்தம்மா அந்தச் சோப்பை எடுத்து, ஒண்ணு இல்ல, நாலஞ்சு எடுத்து, அந்தப் பொம்பளை கையில கொடுத்தாங்க. காசு நான் கொடுத்துக்கிறேன்னு பாய்கிட்ட சொன்னாங்க. பிள்ளை கன்னத்தை லேசாத் தொட்டுப் பாத்தாங்க. அந்தப் பொம்பளை போன பெறகு என் பக்கம் திரும்பி, தவசிங்கிறது யாரு, வரச்சொல்லுங்கன்னாங்க.

வந்தான். நாலாவது கடையில அடுக்கிட்டு, காலிப் பையைக் கையில மடிச்சு வச்சுக்கிட்டு வந்தான். என்னைப் பாத்தான், சோப்பு வரிசையில விழுந்திருந்த ஓட்டையைப் பாத்தான், அவனுக்குப் புரிஞ்சு போச்சு. கடை வாசல்ல கூட்டம் கூடிருச்சு. பாய் கடைக்கு எதிர்த்தாப்ல பஸ் நிக்கும், இறங்குனவன் எல்லாம் எட்டிப் பாக்குறான்.

தம்பி, இந்த மாதிரி நேரத்துல என்ன செய்யணும்? நிர்வாகம்னா என்ன? ஏஜென்சி நிக்கணும். அது நின்னாத்தான் நானும் நிப்பேன், தவசியும் நிப்பான். மரம் நிக்கணும்னா ஒரு கிளையை வெட்டத்தான் வேணும். நாலு நாளைக்கு வெட்டுன மாதிரி காட்டி, மேடம் ஊருக்குப் போனதும் கூப்பிட்டுச் சேத்துக்கலாம், சம்பளத்தையும் கூட்டிக் கொடுக்கலாம்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். அவனுக்குப் புரியணுமேன்னு கண்ணைக்கூடக் காட்டினேன். அவன் அப்ப என்னைப் பாக்கலை.

"இவன்தான் மேடம். முழு லோடையும் இவனை நம்பி ஒப்படைச்சேன். கடைக்குப் போட்டதா பில்லைக் காட்டிட்டு வெளியூர்ல வித்துட்டான். திருட்டுப் பய. என்னையும் சேத்து ஏமாத்தியிருக்கான்."

சத்தமாத்தான் சொன்னேன். சத்தமாச் சொன்னாத்தானே நம்புவாங்க. அவன் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர் அந்தக் கூட்டத்துல நின்னாங்களாம், பெறகு சொன்னாங்க. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? யாரு நிக்கிறாங்கன்னு பாத்துட்டா பேசுறேன் அப்ப? எல்லாம் தெரிஞ்ச ஜெபராஜ் கைக்குட்டையை எடுத்து மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டான். பாய் மட்டும் பரமகுரு, பரமகுருன்னு ரெண்டு தடவை மெதுவாச் சொன்னார். என்னைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை.

வசுமதி மேடம் தவசியைப் பாத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. உங்க முதலாளி சொல்றது உண்மையா? அவன் பையை ரெண்டாவது தடவையா மடிச்சான். அவன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மதுரை லாரி, ஹோல்சேல்காரர், எல்லாம் அவனுக்குத் தெரியும். என் குடும்பம், என் அப்பா பேரு, எல்லாம் அவன் நாக்கு நுனியில நிக்குது.

"முதலாளி சொன்னா உண்மையாத்தான் இருக்கும் மேடம்."

கேட்டீங்களா தம்பி? என்ன விசுவாசம் பாருங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கும்பிடணும்போல இருந்துச்சு அவனை. அப்பாடா, தப்பிச்சோம்னு நினைச்சேன். அவனே ஒத்துக்கிட்டான், இதுக்கு மேல என்ன வேணும் ஒரு மேனேஜருக்கு? ஆனா அந்தம்மா அவனையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. பெறகு என்னைப் பாத்தாங்க. திட்டியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன், எனக்கு வாய் இருக்கு. எதுவும் சொல்லாம படியிறங்கி, வந்த வழியே நடந்து, காரைப் பிடிச்சுப் போயிட்டாங்க. நாலாவது கடைக்கு வரவே இல்லை. அங்க அவன் அவ்வளவு அழகா அடுக்கி வச்சிருந்தான்.

அந்த வாரமே ஏஜென்சி போச்சு. விளக்கம் கேட்டு ஒரு போன்கூட இல்ல. ஒத்துக்கிட்டவன் ஒருத்தன், தண்டனை இன்னொருத்தனுக்கு. இது எந்த ஊரு நியாயம்? நீங்க கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி இதை அந்தம்மாகிட்டக் கேளுங்க. பாளையத்துக்காரர் ஒருத்தர் கேக்கச் சொன்னார்னு கேளுங்க.

இப்ப அந்தச் சோப்பு எல்லாக் கடையிலயும் அடுக்கியிருக்காம். தேனியில இருந்து நேரா வண்டியில வருது. நல்லா ஓடுதுங்கிறாங்க. ஓடும், ஓடும். கம்பெனி விளம்பரம் பண்ணினா எதுதான் ஓடாது?

தவசியா? நாலு நாள் கழிச்சு ஆள் விட்டேன். வரலை. சம்பளத்தைக் கூட்டித் தர்றேன்னு சொல்லி விட்டேன். வரலை. நானே அவன் வீட்டுக்குப் போனேன் தம்பி, நான், பரமகுரு, அவன் வீட்டு வாசலுக்கு. அவன் பொண்டாட்டி தண்ணி கொடுத்துச்சு, உட்காருங்கன்னு சொல்லுச்சு, அவர் வெளிய போயிருக்கார்னு சொல்லுச்சு. உள்ள இருமல் சத்தம் கேட்டுச்சு. அவன் இருமல் எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமா இந்தக் குடோன் தூசியில கேட்டுருக்கேன். தண்ணியைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

திராட்சை மண்டியில பெட்டி அடிக்கிறான் இப்ப. ஆணி அடிக்கிற வேலை. ஊர்ல இருக்கிற கடை பூராத்தையும் மனசுல வச்சிருக்கிறவன், யாருக்கு எப்ப சரக்கு தீரும்னு சொல்றவன், ஆணி அடிக்கிறான். வேற ஏஜென்சிக்காரங்க யாரும் சேத்துக்க மாட்டேங்கிறாங்களாம், சரக்கைத் திருடுனவன்னு. பஜார்ல உண்மை தெரிஞ்சவங்க நிறையப் பேரு இருக்காங்க, ஆனா கம்பெனிப் பேப்பர்ல ஒத்துக்கிட்டவன்னு அவன் பேருதானே இருக்கு. நான் அப்படியா நினைச்சுச் சொன்னேன்? நாலு நாளைக்குத்தானே சொன்னேன். இங்கிட்டு எனக்கு ஒரு பய வேலைக்கு வர மாட்டேங்கிறான். வேற ஏதாவது ஏஜென்சி எடுக்கலாம்னு பாத்தேன், கடை கடையா லைனுக்குப் போக ஆள் இல்ல. தவசியைத்தானே திருடன்னு சொன்னேன், இவனுங்களுக்கு என்ன வந்துச்சு?

மண்டி வழியா நான் போனா, அவன் சுத்தியலைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சு நிப்பான். மரியாதை குறையலை. முதலாளின்னு ஒரு வார்த்தை சொல்லணும்ல, அதுதான் வராது. நான் தாண்டிப் போற வரைக்கும் நிப்பான். நான் இப்பல்லாம் அந்த வழியா போறதில்லை, சுத்திக்கிட்டுப் போறேன்.

ஏஜென்சியை எடுத்துக்கங்க தம்பி. நல்ல ஊரு, நல்ல கடைக்காரங்க. உங்களுக்கு இந்தத் தெருவெல்லாம் தெரியாது, ஒரு ஆள் வேணும். மண்டிக்குப் போங்க, தவசின்னு கேளுங்க. அவன் திருடன் இல்லை. கம்பெனியில கேட்டா நீங்களே அதைச் சொல்லுங்க, இல்ல நானே எழுதிக்கூடக் கொடுத்துர்றேன். என்ன எழுதணுமோ எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன். அவனை மட்டும் விட்டுறாதீங்க.

நான் அனுப்புனேன்னு மட்டும் சொல்லாதீங்க. சொன்னா வர மாட்டான்.